மாட்ரிட் சர்வதேசப் பதிவு வந்த பிறகு பழைய நாட்டுப் பதிவுகளைப் புதுப்பிக்காமல் விடலாமா?

மஞ்சள்மண்டி எழுதியது:

வணக்கம். ஈரோட்டில் இருந்து எழுதுகிறேன். அப்பா ஆரம்பித்த மசாலாத் தூள் தொழில், இப்போது நானும் தங்கையும் பார்த்துக்கொள்கிறோம். எங்கள் டிரேட்மார்க்கை அந்தக் காலத்தில் ஒவ்வொரு நாடாகத் தனித்தனியே பதிவு செய்திருக்கிறோம். சிங்கப்பூரில் 2006, யு.கே.யிலும் 2006, மலேசியாவில் 2016. அப்புறம் 2023 ஆகஸ்டில் இந்தியப் பதிவை அடிப்படையாக வைத்து மாட்ரிட் முறை (ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் டிரேட்மார்க் பாதுகாப்புக் கேட்கும் ஏற்பாடு) வழியாக ஒரு சர்வதேசப் பதிவு எடுத்தோம், அதில் இந்த மூன்று நாடுகளையும் சேர்த்திருக்கிறோம். மூன்று இடத்திலும் பாதுகாப்பு கொடுத்தாயிற்று என்ற அறிவிப்பு கைக்கு வந்துவிட்டது.

சிக்கல் என்னவென்றால் பழைய மூன்று பதிவுகளுக்கும் 2026-இல் புதுப்பிப்பு வருகிறது. ஒவ்வொரு நாட்டிலும் அரசுக் கட்டணம், அதற்கு மேல் அந்த ஊர் ஏஜென்ட் கட்டணம் என்று கூட்டிப் பார்த்தால் எங்களைப் போன்ற அளவுக்கு அது பெரிய தொகைதான். எங்கள் ஆடிட்டர், "சர்வதேசப் பதிவு வந்தால் பழையதற்குப் பதிலாக அதுவே நிற்கும், சட்டத்திலேயே ரீப்ளேஸ்மென்ட் என்று இருக்கிறது, ஒரே பொருளுக்கு இரண்டு முறை ஏன் பணம் கட்டுகிறீர்கள்" என்கிறார். பழைய ஏஜென்ட்டைக் கேட்டால் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள் என்று ஒரு வரியில் பதில் போடுகிறார், காரணம் சொல்லவில்லை. விட்டுவிடலாமா, கூடாதா? விட்டால் என்ன போகும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


கிண்டிப்பக்கம் எழுதியது:

டிரேட்மார்க் வேலையில்தான் பல வருடமாக இருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உங்கள் ஆடிட்டர் சொன்னது தவறில்லை, ஆனால் அது பாதிதான். மீதிப் பாதியைப் பார்க்காமல் பழைய பதிவை விட்டவர்கள் பின்னால் மிகவும் கஷ்டப்பட்டிருக்கிறார்கள்.

மாட்ரிட் நெறிமுறையில் 4பிஸ் என்று ஒரு பிரிவு இருக்கிறது. ஒரு நாட்டில் உங்களுக்கு ஏற்கெனவே பதிவு இருந்து, அதே மார்க்குக்கு, அதே உரிமையாளர் பெயரில், அந்த நாட்டைச் சேர்த்துச் சர்வதேசப் பதிவும் வந்தால், புதியது பழையதன் இடத்தில் நிற்பதாகக் கருதப்படும், பழையதால் கிடைத்த உரிமைகளுக்குக் குறைவு வராமல். இந்தக் கடைசித் துண்டுதான் உயிர். சிங்கப்பூரில் உங்கள் தேதி 2006. சர்வதேசப் பதிவின் தேதி 2023. நடுவில் 2015-இல் ஒருவர் அங்கே உங்களுடையதைப் போலவே ஒரு பெயரைப் பதிவு செய்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006 உங்கள் கையில் இருந்தால் அவர் உங்களுக்குப் பின்னால் வந்தவர். 2023 மட்டும் இருந்தால் நீங்கள்தான் அவருக்குப் பின்னால் வந்தவர். ரீப்ளேஸ்மென்ட் சரியாக நடந்திருந்தால் அந்த 2006 சர்வதேசப் பதிவுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, நாளைக்குப் பழைய பதிவு காலாவதியானாலும் அது போகாது. 

இது தானாகவே நடப்பது. நீங்கள் விண்ணப்பம் போட்டதால் நடப்பதில்லை, நிபந்தனைகள் பொருந்தினாலே சட்டப்படி நடந்துவிடுகிறது, சர்வதேசப் பதிவு அந்த நாட்டில் செல்லுபடியாகும் தேதியில் இருந்து. பிற்பாடு சேர்த்த நாடு என்றால் சேர்த்த தேதிதான் கணக்கு. ஆனால் தானாக நடப்பதாலேயே, நடந்ததா இல்லையா என்று யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். சர்வதேசப் பதிவைப் பார்த்துக்கொள்ளும் ஜெனீவா அலுவலகத்தில் இருந்து கடிதம் வராது. பத்து வருடம் கழித்து ஒரு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் "நிபந்தனை பொருந்தவில்லை, ஆகவே 2006 உங்களுக்கு இல்லை" என்று எழுந்து நின்றால் அன்றைக்குத்தான் தெரியும். அதனால்தான் அதே 4பிஸ் பிரிவின் இரண்டாவது பத்தி, நீங்கள் கேட்டால் அந்த நாட்டு அலுவலகம் தன் பதிவேட்டில் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அந்தக் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். கேட்டால் அவர்கள் நிபந்தனைகளைப் பரிசோதித்துவிட்டுத்தான் குறிப்பார்கள், ஆகவே ஓட்டை ஏதாவது இருந்தால் இப்போதே வெளியே வந்துவிடும், பழைய பதிவு உயிரோடு இருக்கும்போதே.

நிபந்தனைகளில் எல்லோரும் தடுக்கி விழுவது சரக்குப் பட்டியலில். பழைய பதிவில் இருக்கும் பொருள்கள் சர்வதேசப் பதிவின் பட்டியலிலும் அந்த நாட்டுக்கு இருக்க வேண்டும். 2021 பிப்ரவரி 1-இல் இருந்து மாட்ரிட் விதிமுறைகளில் விதி 21-ஐத் திருத்தித் தெளிவாக்கியிருக்கிறார்கள்: சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, சமமான பொருளாக இருந்தால் போதும். ஒரு பகுதி மட்டும் பொருந்தினால் அந்தப் பகுதிக்கு மட்டும் ரீப்ளேஸ்மென்ட் என்பதும் அதே விதியில் வந்தது, அதை நடைமுறைக்குக் கொண்டுவர அலுவலகங்களுக்கு 2025 பிப்ரவரி 1 வரை அவகாசம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பழைய காலத்துப் பதிவுகளில் பெரும்பாலும் "மசாலாப் பொருள்கள்" என்று அகலமாக எழுதியிருப்பார்கள். சர்வதேசப் பதிவிலோ "மஞ்சள் தூள், மிளகாய்த் தூள், மல்லித் தூள்" என்று எண்ணி எழுதியிருப்பார்கள். அப்படி இருந்தால் பழையது பெரிய வட்டம், புதியது சின்ன வட்டம். சீரகத் தூளும் கரம் மசாலாவும் வெளியே நிற்கும். மறுபடி ஒரு தடவை இரண்டு சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்துப் பாருங்கள். இதை ஏஜென்ட்டிடம் விடாதீர்கள், உங்கள் சரக்கு உங்களுக்குத்தான் தெரியும்.

மார்க்கும் அதேதான் இருக்க வேண்டும். 2006-இல் பதிந்தது பழைய லோகோ, 2023-இல் பதிந்தது புது லோகோ என்றால் பேச்சே இல்லை.

கடைசியாக ஒன்று. ரீப்ளேஸ்மென்ட் என்ற சொல்லைக் கேட்டதும் பழையது அழிந்துவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள். இல்லை. இரண்டும் பதிவேட்டில் சேர்ந்தே இருக்கும். பழையதை ரத்து செய்யச் சொல்லி எந்த அலுவலகமும் கட்டாயப்படுத்தக் கூடாது, நீங்கள் விரும்பினால் புதுப்பிக்கவும் விட வேண்டும், இதுவும் அதே விதியில் இருக்கிறது.


சிங்கைவாசி எழுதியது:

கிண்டிப்பக்கம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், "அதே உரிமையாளர் பெயரில்" என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு உணவுப் பொருள் நிறுவனத்தில் நடந்தது. பழைய பதிவு முதலாளியின் சொந்தப் பெயரில், சர்வதேசப் பதிவு பிரைவேட் லிமிடெட் பெயரில். ஒரு நாட்டில் இருந்து தற்காலிக மறுப்பு வந்தது. திறந்து பார்த்தால், உங்கள் மார்க்கோடு மோதுகிற முந்தைய பதிவு இருக்கிறது என்று எண்ணைக் கொடுத்திருந்தார்கள். அந்த எண் எங்கள் முதலாளியுடையது! எங்கள் மார்க்கையே எங்கள் மார்க்குக்கு எதிராக நிறுத்தியிருந்தார்கள். அந்த அலுவலகத்தைக் குறை சொல்ல முடியாது, பதிவேட்டில் இரண்டு வேறு பெயர்கள், முகவரி வேறு, அவர்களுக்கு எப்படித் தெரியும்? உரிமை மாற்றப் பத்திரம் எழுதி, அதை அங்கே பதிவு செய்து, பதில் போட்டு முடிக்க எட்டு மாதம் ஆனது.

பெயர் என்றால் எழுத்துக்கு எழுத்து பாருங்கள். பார்ட்னர்ஷிப் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் ஆகியிருந்தால் சட்டப்படி அது வேறு ஆள்.


மஞ்சள்மண்டி எழுதியது:

இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு தங்கையும் நானும் எல்லாச் சான்றிதழையும் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தோம். கண்டது இது.

சிங்கப்பூர்: கம்பெனி பெயரில்தான் இருக்கிறது, மார்க்கும் அதேதான். ஆனால் அதில் இரண்டு வகுப்பு (பொருள்களை வகை பிரிக்கும் எண்). 30-ஆம் வகுப்பில் மசாலா, 29-ஆம் வகுப்பில் ஊறுகாய். சர்வதேசப் பதிவில் 30 மட்டும்தான். ஊறுகாய் அங்கே இன்னமும் நன்றாகப் போகிறது.

மலேசியா: கம்பெனி பெயர், 30-ஆம் வகுப்பு மட்டும், பொருள் பட்டியலும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

யு.கே.: இங்கேதான் வயிற்றைக் கலக்கியது. பதிவு அப்பாவின் பெயரில் இருக்கிறது, கம்பெனி பெயரில் இல்லை. ஆனால் சிங்கைவாசி சொன்ன மாதிரி மறுப்பு எதுவும் வரவில்லையே, பிரச்சினை இல்லாமல் பாதுகாப்பு கொடுத்துவிட்டார்களே, அப்படியென்றால் சரிதானே?

இன்னொன்று, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், இதற்குச் சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை. எங்கள் இந்தியப் பதிவை நீக்கச் சொல்லிப் போட்டிக் கம்பெனி ஒன்று போன வருடம் சென்னை உயர் நீதிமன்றத்தில் மனு போட்டிருக்கிறது. எங்கள் வக்கீல் நிற்காது என்கிறார்.


கிண்டிப்பக்கம் எழுதியது:

சம்பந்தம் இருக்கிறது தம்பி, இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய சம்பந்தம். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில் யு.கே. அங்கே மறுப்பு வராததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 2007 அக்டோபரில் இருந்து யு.கே. அலுவலகம் முந்தைய பதிவோடு மோதுகிறது என்ற காரணத்துக்காகத் தானாக மறுப்பதில்லை. தேடிப் பார்த்து, முந்தைய பதிவுக்காரருக்கு "இப்படி ஒரு விண்ணப்பம் வந்திருக்கிறது, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள்" என்று தகவல் அனுப்பும், அவ்வளவுதான். அவர் எதிர்க்காவிட்டால் புதியது உள்ளே வந்துவிடும். உங்கள் அப்பாவுக்கு அப்படித் தகவல் போயிருக்க வேண்டும், அவர் சும்மா இருந்திருப்பார். ஆகவே இப்போது யு.கே.யில் இரண்டு பேருக்கு இரண்டு பதிவு இருக்கிறது. ரீப்ளேஸ்மென்ட் நடக்கவில்லை. இதை அப்படியே காலாவதியாக விட்டால் 2006 போய்விடும், சர்வதேசப் பதிவின் தேதிதான் மிச்சம். அப்பாவிடம் இருந்து கம்பெனிக்கு உரிமை மாற்றப் பத்திரம் எழுதி, குட்வில்லோடு (மார்க்கோடு சேர்ந்த வியாபார நற்பெயர்) சேர்த்து எழுதி, அங்கே பதிவு செய்து, புதுப்பிக்கவும் செய்யுங்கள்.

சிங்கப்பூரில் மசாலாவுக்கு ரீப்ளேஸ்மென்ட் உண்டு, ஊறுகாய்க்கு இல்லை. "சர்வதேசப் பதிவிலேயே 29-ஐச் சேர்த்துவிடலாமே" என்று கேட்பீர்கள். முடியாது. சர்வதேசப் பதிவு எடுத்தபின் நாட்டைச் சேர்க்கலாம், பொருளைச் சேர்க்க முடியாது. அதிலும் அதன் பட்டியல் அடிப்படையாக வைத்த இந்தியப் பதிவைத் தாண்டி அகலமாக இருக்கவே முடியாது. ஊறுகாய்க்கு இந்தியாவில் முதலில் விண்ணப்பம் போட்டு, அதை வைத்துத் தனியாக இன்னொரு சர்வதேசப் பதிவு எடுத்தால்தான் உண்டு. அதுவரை ஊறுகாயைக் காப்பது 2006 பதிவுதான்.

இப்போது அந்த வழக்கு. சர்வதேசப் பதிவு முதல் ஐந்து வருடம் தன் அடிப்படைப் பதிவைச் சார்ந்தே நிற்கும். உங்களுக்கு அது 2028 ஆகஸ்ட் வரை. அதற்குள் இந்தியப் பதிவு விழுந்தால் சர்வதேசப் பதிவும் விழும், எத்தனை நாட்டைச் சேர்த்திருந்தாலும் எல்லா நாட்டிலும் ஒரே அடியில். இதைத்தான் மத்தியத் தாக்குதல் என்கிறோம். போட்டிக் கம்பெனி சிங்கப்பூருக்கும் லண்டனுக்கும் தனித்தனியாகப் போய் வழக்குப் போட வேண்டியதில்லை, சென்னையில் ஒரு மனு போதும். இன்னொரு விஷயத்தைக் கவனியுங்கள், நீதிமன்றத் தீர்ப்பு 2028-க்குப் பிறகு வந்தாலும் தப்ப முடியாது, நடவடிக்கை ஐந்து வருடத்துக்குள் ஆரம்பித்திருந்தால் போதும். முன்பு இந்த மனுக்கள் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்கும் போகும், 2021-இல் அந்த வாரியத்தையே எடுத்துவிட்டார்கள், இப்போது உயர் நீதிமன்றமோ பதிவாளரோதான். எப்போது முடியும் என்று நான் சொல்ல மாட்டேன்.

அப்படி விழுந்தால் ஒரு மீட்பு வழி இருக்கிறது. ரத்தான நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் ஒவ்வொரு நாட்டிலும் நேரடி விண்ணப்பமாக மாற்றிக்கொள்ளலாம், தேதியும் காப்பாற்றப்படும். ஆனால் அந்த வழி காப்பாற்றிக் கொடுப்பது எந்தத் தேதியை? சர்வதேசப் பதிவின் தேதியை. 2023-ஐ. 2006 பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. பழைய பதிவை நீங்கள் காலாவதியாக விட்டிருந்தால் 2006-க்காக நீங்கள்தான் அந்தந்த நாட்டில் போராட வேண்டும். பழைய பதிவு கையில் இருந்தாலோ, இந்தியாவில் என்ன நடந்தாலும் சிங்கப்பூர் 2006 அசையாது. அது யாரையும் சார்ந்து நிற்கவில்லை.

ஆகவே உங்கள் நிலைமையில் என் கருத்து இதுதான்: 2026-இல் மூன்றையும் புதுப்பியுங்கள். பணம் வலிக்கும், தெரியும். ஆனால் வழக்கு நிலுவையில் இருக்கும்போது பழைய பதிவை விடுவது என்பது பழைய வீட்டை இடித்துவிட்டு அஸ்திவாரத்தின் மேல் வழக்கு இருக்கிற வீட்டில் குடியேறுவது மாதிரி. வழக்கு இல்லாமல், ஐந்து வருடமும் தாண்டியிருந்தால், மலேசியாவைப் பொறுத்தவரை குறிப்பு வாங்கிக்கொண்டு விட்டுவிடலாம் என்று நானே சொல்லியிருப்பேன், ஏனென்றால் அங்கே பெயர், பொருள், மார்க் மூன்றும் பொருந்துகிறது. மலேசியா மாட்ரிட்டில் சேர்ந்ததே 2019 டிசம்பர் 27-இல்தான் என்பதால் அதற்கு முந்தைய உங்கள் 2016 பதிவு நேரடியாகப் போட்டது, அதில் தப்பில்லை, அந்த நாளில் வேறு வழியும் இல்லை.

குறிப்பு மட்டும் இப்போதே கேட்டு வையுங்கள், சிங்கப்பூர் மசாலாவுக்கும் மலேசியாவுக்கும்.


டைரக்ட்ஷிப்பிங் எழுதியது:

ஐரோப்பாவுக்குச் சரக்கு அனுப்புபவர்கள் யாராவது இந்த இழையைப் படித்தால் ஒரு விஷயம். ஜெர்மனியில் பழைய பதிவு இருக்கிறது, மாட்ரிட்டில் ஐரோப்பிய ஒன்றியத்தைச் சேர்த்துவிட்டேன், ஆகவே ஜெர்மன் பதிவுக்குப் பதிலாக அது நிற்கும் என்று நானும் நினைத்திருந்தேன். நிற்காது. 4பிஸ் பிரிவுக்கு ஒன்றியம் ஒரு உறுப்பு, ஜெர்மனி வேறொரு உறுப்பு. ஒன்றியத்தைச் சேர்த்தால் முந்தைய ஐரோப்பிய ஒன்றியப் பதிவுக்குத்தான் ரீப்ளேஸ்மென்ட். ஜெர்மன் பதிவின் தேதியை ஒன்றியப் பதிவுக்குள் கொண்டுவர மூப்புரிமை கோருவது என்று தனி வழி இருக்கிறது, அதற்குத் தனிப் படிவம். ரீப்ளேஸ்மென்ட் மாதிரி அது தானாக நடக்காது, கோரினால்தான் உண்டு.


சிங்கைவாசி எழுதியது:

@மஞ்சள்மண்டி சிங்கப்பூர் புதுப்பிப்பைக் கடைசி நேரம் வரை தள்ளாதீர்கள். தேதி தவறினாலும் பாரிஸ் உடன்படிக்கைப்படி குறைந்தது ஆறு மாத சலுகைக் காலம் எந்த நாட்டிலும் உண்டு, ஆனால் கூடுதல் கட்டணம் கட்ட வேண்டும், நீங்கள் மிச்சம் பிடிக்கப் பார்க்கும் பணம் அங்கே போகும். புதுப்பிக்கும்போது இரண்டு வகுப்பையும் வைத்திருக்க வேண்டுமா என்றும் யோசியுங்கள். என்னைக் கேட்டால் இந்தத் தடவை இரண்டும். வழக்கு முடிந்தபின் 2036-இல் ஊறுகாயை மட்டும் புதுப்பித்தால் போதும்.


மஞ்சள்மண்டி எழுதியது:

முடிவு எடுத்துவிட்டோம். மூன்றையும் புதுப்பிக்கிறோம். ஆடிட்டரிடமும் இந்த வழக்கு விஷயத்தைச் சொன்னேன், அவருக்கு ஐந்து வருடச் சார்பு பற்றித் தெரிந்திருக்கவில்லை, கேட்டுவிட்டு அவரே "அப்படியென்றால் கட்டிவிடுங்கள்" என்றார். மலேசியாவுக்கும் சிங்கப்பூர் 30-ஆம் வகுப்புக்கும் குறிப்புக் கேட்டு அங்குள்ள ஏஜென்ட்டுகளுக்கு எழுதியாயிற்று. ஊறுகாய்க்கு இந்தியாவில் 29-இல் புது விண்ணப்பம் அடுத்த வாரம் போகிறது.

கிண்டிப்பக்கம் அண்ணா, நீங்கள் சொன்ன அந்த யு.கே. தகவலை அப்பாவிடம் கேட்டேன். யோசித்துவிட்டு, "ஏதோ வந்துச்சு சாமி" என்று எழுந்து போய், பீரோவில் இருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். பத்திரமாக அச்செடுத்து, துளை போட்டுக் கோத்து வைத்திருக்கிறார். உங்கள் மார்க்கைப் போன்ற ஒரு மார்க்குக்கு யு.கே.யில் பாதுகாப்புக் கேட்டிருக்கிறார்கள் என்று அவர் பெயருக்கு வந்த கடிதம், கேட்டவர் பெயர் இருந்த இடத்தில் எங்கள் கம்பெனி. நம்ம கம்பெனிதானே என்று பேசாமல் ஃபைலில் போட்டுவிட்டாராம், அதை எங்களிடம் சொல்லவும் தோன்றவில்லை. உரிமை மாற்றப் பத்திரம் வக்கீல் தயார் செய்துகொண்டிருக்கிறார், திங்கட்கிழமை அப்பா கையெழுத்துப் போடுகிறார். ஒரே ஒரு சந்தேகம்: 2006 சான்றிதழில் அவர் பெயருக்கு முன்னால் இன்ஷியல் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் தாத்தா பெயர் முழுதாகப் பின்னால் இருக்கிறது. பத்திரத்தில் எதைப் போடுவது?


கிண்டிப்பக்கம் எழுதியது:

இரண்டையும் போடுங்கள். சான்றிதழில் உள்ளபடியே முதலில் எழுதி, "பாஸ்போர்ட்டில் இன்ன பெயரில் உள்ளவரும் இவரே" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கூடவே ஒரே நபர் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடிதத்தையும் தூக்கிப் போட வேண்டாம், ஃபைலோடு அப்படியே இருக்கட்டும்.